எட்டு எம்.எம். சல்லடை: வாசகர் கேள்வி – பதில்

போன மாத இதழில் என் நோயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மல்டிபிள் மைலோமா என்கிற ரத்தப் புற்று. 2016-ல் வந்தது. மூன்று தடவை அடங்கி, மூன்று தடவை திரும்பியது. இப்போது எர்ணாகுளம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தின் சோதனையில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. வீடு கம்பத்தில், வேலை எல்லை தாண்டிக் கேரளத்துக் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு. எழுதியது அவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் சாக்கில் கட்டாத குறையாக அனுப்பி, "நீங்களே பதில் எழுதிவிடுங்கள் அம்மா" என்றுவிட்டார். நான் டாக்டர் இல்லை, பேரேடு எழுதுகிறவள். எனக்கு நடந்ததையும், நடப்பதற்கு முன் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அண்ணனுக்கும் இதே நோய் இரண்டாம் முறை வந்துவிட்டது. டாக்டர் "ஒரு ட்ரையல் இருக்கு, சேருறீங்களா" என்கிறார். வீட்டில் எல்லாரும் "சோதனை எலி ஆக்கப் பார்க்கிறாங்க" என்று பயப்படுகிறார்கள். நீங்கள் எப்படித் துணிந்தீர்கள்?
– வாசகி, தேவாரம்

என் நாத்தனார் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதையேதான் கேட்டாள். "ஏன் மதினி, மருந்து கேக்குதா இல்லையான்னு பாக்குறதுக்கு ஒங்க ஒடம்புதான் அவுகளுக்குக் கெடைச்சதா?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, காப்பி போட எழுந்துபோய்விட்டேன்.

பிறகு ஒன்று தெரியவந்தது. 2017-லிருந்து மூன்று வருஷம் ராத்திரியில் லெனலிடோமைடு என்று ஒரு காப்ஸ்யூல் முழுங்கிக்கொண்டிருந்தேன். அதன் தாய் மருந்து தாலிடோமைடு. 1957-ல் ஜெர்மனியில் தூக்க மருந்தாக வந்தது. கர்ப்பிணிகள் மசக்கைக்கும் சாப்பிட்டார்கள். கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்த பிறகு, 1961-ல் விற்பனையை நிறுத்தினார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே டாக்டர்கள் முகம் சுளித்த காலம் அது. அதே மருந்தை அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில், மைலோமா முற்றி வேறு வழி இல்லாத 84 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் இறங்கியது. 1999-ல் அந்த முடிவு வெளியானது. அந்த 84 பேரும் "நாங்க என்ன எலியா" என்று எழுந்து போயிருந்தால் எனக்கு அந்த மூன்று வருஷம் இல்லை. என் மகள் பிளஸ் டூ எழுதப் போனபோது வாசலில் நின்று திருநீறு பூசிவிட்டதும் இல்லை.

அதற்காக உங்கள் வீட்டார் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் விடுதிச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட்ட ஓர் ஆய்வில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிப் பொறுப்பாளர்களே கையெழுத்துப் போட்டதை 2013-ல் நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது. பயம் சும்மா வருவதில்லை. அப்புறம் விதிகள் இறுகின. இப்போது நடப்பில் இருப்பது 2019-ம் வருஷத்து விதிகள். சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் வைத்தியம் இலவசம், இழப்பீடும் உண்டு. மோசமாக ஏதாவது நடந்தால் 24 மணி நேரத்துக்குள் டாக்டர் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். எந்த நாளும், காரணம் சொல்லாமலே, நாம் விலகிக்கொள்ளலாம். விலகினால் வழக்கமான வைத்தியத்தை மறுக்கக் கூடாது.

எலியிடம் யாரும் ஒப்புதல் தாளை நீட்டுவதில்லை. என்னிடம் நீட்டினார்கள், 31 பக்கம். அங்கேதான் என் தகராறு ஆரம்பம். தாள் ஆங்கிலத்தில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபத்தைந்து வருஷமாக அதில் பேரம் பேசி, திட்டி, சமாதானமாகி வருகிறேன். ஆனால் படிக்க வராது. பஸ் போர்டு வரைக்கும்தான். வீட்டுக்காரர் காதோரம், "ஒனக்குத்தான் மலையாளம் தெரியுமே, போட்டுரு" என்றார். கடையில் தெரியாத சிட்டையில் நான் இதுவரை கையெழுத்து வைத்ததில்லை. "தமிழ்ல வேணும்" என்றேன். சோதனையை ஒருங்கிணைக்கிற பெண், சின்ன வயசு, சங்கடப்பட்டது. "சேச்சி, மொழிபெயர்த்து எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கணும், மூணு வாரம் ஆகும்." சோதனை முறையாக நடக்கிறதா என்று பார்க்கிற குழுவாம் அது. படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துப் படித்துக் காட்டி வாங்கவும் விதியில் இடமுண்டு என்றது. எனக்குப் படிக்கத் தெரியும், தமிழில். ஆகவே காத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில், ரத்தத்தில் நோயின் அளவைக் காட்டுகிற 'எம்' புரதம் 2.1-லிருந்து 2.6 ஆனது. புத்திசாலித்தனமா, பிடிவாதமா என்று இன்றைக்கும் எனக்கே தீர்மானமில்லை.

வந்த தமிழ்த் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. "பங்கேற்பாளரின் குருதி மாதிரிகள் தொடர்நிலைப் பகுப்பாய்விற்கு உட்படுத்தப்படும்." ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகும் சோதிப்பார்கள் என்று அர்த்தம். அந்தப் பெண் மலையாளத்தில் வாசிக்க, நான் தமிழில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். இரண்டு மொழிக்கு நடுவில்தான் விஷயம் விளங்கியது.

உங்கள் அண்ணன் தாளை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்கட்டும். தர மாட்டேன் என்றால் அந்த இடமே வேண்டாம். எந்தக் கட்டம் என்றும் கேட்கட்டும். முதல் கட்டம் என்றால் எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பது. இரண்டாவதில் நோய்க்குக் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவதில் இப்போது இருக்கிற மருந்தோடு மோதவிடுவார்கள். அதில் யாருக்கு எது என்பதைக் குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர் எடுக்கும். எனக்கு இரண்டாம் கட்டம், எல்லோருக்கும் அதே மருந்து. "வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஏமாத்துவாங்களா" என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வெறும் மாவை மட்டும் கொடுத்து உட்கார வைக்க முடியாது. இருக்கிற சிகிச்சையோடுதான் ஒப்பிடுவார்கள். எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பதும் தாளில் இருக்கும்.

இப்படி ஒரு சோதனை நடக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? யார் வேண்டுமானாலும் சேரலாமா?
– வாசகர், வண்டன்மேடு

வண்டன்மேடு என்றதும் புற்றடியில் நடக்கிற ஏலக்காய் ஏலம் ஞாபகம் வருகிறது. உங்களுக்கு விளங்குகிற மாதிரியே சொல்கிறேன். காயைச் சல்லடையில் போட்டு ஆட்டினால் எட்டு எம்.எம். காய் மேலே நிற்கும், மற்றது கீழே விழும். கீழே விழுந்தது கெட்ட காய் இல்லை, அந்த லாட்டுக்கு ஆகாது, அவ்வளவே. சோதனையில் ஆள் எடுப்பதும் அப்படித்தான்.

முதலில் வேறொரு சோதனைக்குப் போனேன். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணு 48,000-தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் முண்டக்கயம் வரைக்கும் அழுதேன். அடுத்ததில் ஏற்கெனவே மூன்று வகை மருந்து பார்த்திருக்க வேண்டும், சிறுநீரகம் இவ்வளவு வேலை செய்ய வேண்டும், ஹீமோகுளோபின் எட்டுக்குக் குறையக் கூடாது என்று அடுக்கடுக்காகச் சல்லடை. பிளேட்லெட் 81,000. நின்றேன்.

மூன்று வகை என்றால் என்ன என்று கேட்பீர்கள். முதல் சுற்றில் போர்டிசோமிப் ஊசி, லெனலிடோமைடு, டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு. பிறகு 2017-ல் ரத்தம் உண்டாக்குகிற என் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து வைத்துக்கொண்டு, மெல்பலான் என்ற மருந்தை ஏற்றி மஜ்ஜையைத் துடைத்து, திரும்ப என்னுடையதையே விட்டது. மெல்பலான் ஏறும்போது வாய் முழுக்க ஐஸ் கட்டி வைத்துச் சப்பச் சொன்னார்கள், வாய்ப்புண் குறையுமாம். 2020-ல் திரும்பியதும் கார்பில்சோமிப்பும் பொமாலிடோமைடும். 2022-ல் டாராடுமுமாப். அதற்குக் கூடலூரில் இருந்த மாமியார் வீட்டு மனை போனது. 2024-ல் அதுவும் கேட்கவில்லை.

கண்டுபிடிக்கிற விதம் எளிது. நம் நாட்டில் நடக்கிற சோதனைகளைப் பதிவு செய்ய 2007-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள், சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் பார்க்கலாம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, சல்லடைக் கணக்கு என்ன, எல்லாம் அதில் இருக்கிறது. என் மகள்தான் தேடி எடுத்தாள். ஆனால் நேராகப் போய்க் கதவைத் தட்டாமல் உங்கள் டாக்டரிடம் அந்தச் சோதனையின் பதிவு எண்ணைக் காட்டிக் கேளுங்கள். என் டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "இதை நானே சொல்லியிருக்கணும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

என் வீட்டுக்காரருக்கு லுக்கேமியா திரும்பிவிட்டது. அவருக்கு நோயின் பெயரே தெரியாது. ரத்தத்தில் கிருமி என்று சொல்லி வைத்திருக்கிறோம். சொன்னால் உடைந்துபோவார். அவருக்குத் தெரியாமலே சோதனையில் சேர்க்க முடியுமா?
– பெயர் வேண்டாம், கட்டப்பனை

முடியாது தங்கச்சி. நல்லவேளை முடியாது. சுயநினைவோடு இருக்கிற ஆள் தானே படித்துத் தானே கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் அவருக்காகப் போட்டால் செல்லாது.

எனக்கும் 2016-ல் பதினோரு நாள் மறைத்தார்கள். அதற்கு முன்னால் நாலு மாதம் "முதுகுத் தேய்மானம்" என்று இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு அலைந்திருந்தேன், ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்பு நொறுங்கும் வரைக்கும். ரத்தம் 7.2-க்கு இறங்கியிருந்தது, சிறுநீர் நுரை தள்ளியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்காரரும் என் தம்பியும், "எலும்புல சத்து இல்லையாம், ஊசி போட்டாச் சரியாகிரும்" என்றே சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு போகும்போது சுவரில் மலையாளப் பலகை. பஸ் போர்டு படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டினேன். "அர்புத சிகித்ஸ விபாகம்." அட, அற்புத சிகிச்சையா, அப்படி என்ன அற்புதம் செய்யப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. அர்புதம் என்றால் மலையாளத்தில் கேன்சர். பேச்சில் எல்லோரும் கேன்சர் என்றே சொல்வதால், அந்தச் சொல் இருபது வருஷப் பழக்கத்தில் என் காதில் விழுந்ததே இல்லை.

நோயைவிட அந்தப் பதினோரு நாள்தான் எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, உடம்புக்குச் சொந்தக்காரி எனக்குத்தான் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும். நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று அவர் மறைத்துக்கொண்டிருப்பார். டாக்டரை நடுவில் உட்கார வைத்துச் சொல்லுங்கள், ராத்திரியில் சொல்லாதீர்கள்.

மருந்து, டெஸ்ட் எல்லாம் இலவசம் என்கிறீர்கள். வேறு செலவு உண்டா? காப்பீடு உதவியதா?
– வாசகர், உத்தமபாளையம்

சோதனை மருந்து, அதற்கான ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அது தொடர்பான படுக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பஸ் செலவுக்கும் ரசீது கொடுத்தால் தருகிறார்கள். தராதது: துணைக்கு வருகிறவரின் சாப்பாடு, அவர் இழக்கிற கூலி, முதல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்த அறை வாடகை. என் நோட்டுக் கணக்கில் முதல் ஆறு மாதத்தில் 74,000 ரூபாய். இலவசம் என்று யாரும் கையை வீசிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

காப்பீட்டைக் கேட்காதீர்கள். நம்மைப் போல எல்லையில் பிழைக்கிறவர்களின் தலையெழுத்து அது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை உண்டு, ஆனால் நான் போன ஆஸ்பத்திரியில் அந்த அட்டை செல்லவில்லை. கேரளத்துத் திட்டத்துக்குக் கேரள ரேஷன் கார்டு வேண்டும். வேலை அந்தப் பக்கம், அட்டை இந்தப் பக்கம். 2020-ல் செக்போஸ்ட்டை மூடினபோது இது இன்னும் கசந்தது. ஏப்ரலில் எடுக்க வேண்டிய ரத்தம் ஜூலையில்தான் எடுத்தேன். மாத்திரையை அந்தப் பக்கத்திலிருந்து கடைப் பையன் கொண்டுவந்து தடுப்புக் கம்பிக்கு மேலே நீட்ட, இந்தப் பக்கம் நின்று வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். போலீஸ்காரர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாராம். நோய் திரும்பியது அந்த மூன்று மாதத்துக்குள்தான் என்று நினைக்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நான் நினைக்கிறேன்.

மருந்து ஏற்றும்போது என்னவெல்லாம் நடந்தது? பக்க விளைவு?
– மூன்று வாசகர்கள் கேட்டது

இந்த மருந்துக்கு இரண்டு கை. ஒரு கை மைலோமா அணுவின் மேலிருக்கிற ஜி.பி.ஆர்.சி.5டி என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். மறு கை நம்முடைய டி அணுவை, அதாவது உடம்பின் காவல்காரனை, இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தும். "இந்தா, இவன்தான்" என்று காட்டிக்கொடுக்கிற வேலை. இதே புரதத்தைக் குறிவைக்கிற டால்குவெட்டமாப் என்ற மருந்துக்கு 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். எனக்குப் போடுவது அந்த வகையறாதான், பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி.

காவல்காரன் ஒரேயடியாக விழித்துக்கொண்டால் ரகளை. அதனால் கொஞ்சம், அப்புறம் கொஞ்சம் கூட, அப்புறம் முழு அளவு என்று ஏற்றுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் படுக்கை. மருந்து மூளையைத் தொடுகிறதா என்று பார்க்க நர்ஸ் தினம் கேள்வி கேட்கும். எந்த வருஷம், எந்த மாதம், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி? இது என்ன? பேனா. நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லுங்கள். கடைசியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். நான் தமிழில் எழுதுவேன். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது. நேற்றைய எழுத்தையும் இன்றைய எழுத்தையும் பக்கத்தில் வைத்து, கோணல் வந்திருக்கிறதா என்று கோலத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கும். அதன் புண்ணியத்தில் மனதில் பட்டதையெல்லாம் எழுதினேன். "இந்த இட்லியைக் கம்பத்தில் மாடு கூடத் தின்னாது." சிரித்த முகத்தோடு ஃபைலில் வைத்துக்கொண்டது.

இரண்டாவது அளவுக்கு மறுநாள் ராத்திரி காய்ச்சல் 102.4. பல் கிட்டிக் குளிர். எந்த ஊர் என்று கேட்டதற்கு "லோயர் கேம்ப்" என்று எங்கள் பக்கத்து ஊரைச் சொன்னேனாம். நூறு, தொண்ணூறு, எண்பது, எழுபது சொல்லி அறுபதில் நின்றுவிட்டேன். கணக்குப்பிள்ளைக்கு இதைவிட அவமானம் இல்லை. டோசிலிசுமாப் என்று ஒரு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள், ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் பத்து வரைக்கும் இறங்கி வந்தேன். அன்றைக்கு எழுதிய வாக்கியத்தை இன்னும் வைத்திருக்கிறேன். வரி பக்கத்தின் மூலையில் போய் விழுந்திருக்கிறது. என்ன எழுதினேன் என்று எனக்கே படிக்க முடியவில்லை.

அது ஒரு நாள் கூத்து. நீண்ட கூத்து நாக்கு. அந்தப் புரதம் நாக்கிலும் நகத்திலும் தோலிலும் கொஞ்சம் இருக்கிறதாம், மருந்து அங்கேயும் போய்க் கைவைக்கிறது. நகம் ஏடு ஏடாக உரிந்தது. உள்ளங்கைத் தோல் பாம்புச் சட்டை மாதிரி வந்தது. ருசி அறவே போனது. யோசித்துப் பாருங்கள், ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்திருக்கிறவள். வாசனை வருகிறது, மூக்கு பழுதில்லை. காயைக் கடித்தால் மரத்தூள். எடை 61-லிருந்து 54. சூடான சாப்பாடு நாக்கில் கம்பளி மாதிரி நின்றது. ஆறிப்போன தயிர்சோறும் கம்மங்கூழும்தான் இறங்கின. டாக்டரிடம் சொன்னதும் ஊசிக்கு ஊசி இடைவெளியைக் கூட்டினார்கள். சோதனைத் தாளிலேயே அதற்கு இடம் இருந்தது. "மருந்தை நிறுத்திருவாங்களோ" என்று பயந்து ஒரு மாதம் சொல்லாமல் இருந்தேன். அது முட்டாள்தனம். நீங்கள் மறைப்பதால் உங்களுக்கும் கேடு, பின்னால் வருகிறவருக்கும் தப்புக் கணக்கு.

மருந்து கேட்டதா என்றால், கேட்டது. நாலாம் மாதத்திலிருந்து எம் புரதம் தென்படவில்லை. "போய்விட்டது" என்று டாக்டர் சொல்வதில்லை, "தென்படவில்லை" என்கிறார். நானும் நோட்டில் அப்படியே எழுதுகிறேன்.

ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறோம். உங்களுக்கு வந்தது பூச்சிமருந்தாலா?
– வாசகி, க. புதுப்பட்டி (தினமும் ஜீப்பில் போகிறவர்)

இதை நானும் முதல் நாளே கேட்டேன். "உங்களுக்கு இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது" என்றார்கள். உண்மைதான். நான் மருந்தடித்தவளும் இல்லை. ஆனால் சம்பந்தமே இல்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். லிண்டேன் என்ற பூச்சிமருந்தைப் புற்றை உண்டாக்குவது என்றே 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. அது காட்டிய ஆதாரம் லிம்போமா என்கிற ரத்தப் புற்று. வியட்நாம் போரில் களைக்கொல்லியில் நனைந்த தன் சிப்பாய்களுக்கு மைலோமா வந்தால் அமெரிக்க அரசு உதவித்தொகை தருகிறது. என்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை நம் உச்ச நீதிமன்றம் 2011-ல் நிறுத்தியது, கேரளத்துக் காசர்கோட்டில் ஊனத்தோடு பிறந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகு. நீங்கள் முகத்தில் கட்டுகிற துண்டு போதாது. மருந்தடித்த சேலையோடு ஜீப்பில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். கையுறையும் முகமூடியும் முதலாளி செலவு. கேட்கத் தயங்க வேண்டாம். இதை நான் கடைக்கு வருகிற தோட்டக்காரர்களிடம் சொல்லி, இரண்டு பேர் காயை வேறு கடைக்குக் கொண்டுபோகிறார்கள்.

முள்ளு சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் புற்று கரையும் என்கிறார்களே?
– வாசகர், பெரியகுளம்

குமுளியில் கட்டுக்கட்டாக விற்கிறது, மலையாளத்தில் முள்ளாத்த. என் வீட்டுக்கே மூன்று பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள், அன்போடுதான். வாங்கி வைத்துக்கொண்டேன், குடிக்கவில்லை. சோதனையில் இருக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் வேறு மருந்து எதையும் சாப்பிடக் கூடாது. ஈரல் கெட்டால் எதனால் கெட்டது என்று தெரியாமல் போய்விடும். கிரீன் டீயில் இருக்கிற ஒரு சத்து போர்டிசோமிப்பைச் செயலிழக்கச் செய்வதை 2009-லேயே ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். கிரீன் டீக்கே அப்படி என்றால் கஷாயத்தை என்ன சொல்ல? பழம் நன்றாக இருக்கும். நோயில்லாதவர்கள் பழமாகச் சாப்பிடுங்கள்.

என் அக்கா மகனுக்கு 19 வயது, லுக்கேமியா திரும்பியிருக்கிறது. கார்-டி சிகிச்சை இந்தியாவில் கிடைக்கிறதா?
– வாசகர், சின்னமனூர்

கிடைக்கிறது. நோயாளியின் டி அணுவை வெளியே எடுத்து, புற்றணுவை அடையாளம் காணப் பழக்கி, பெருக்கி, திரும்ப ஏற்றுவது. நெக்ஸ்கார்19 என்று மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கினார்கள். 2023 அக்டோபரில் அனுமதி. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் தொடங்கிவைத்தார். பி அணு என்ற வெள்ளணுவில் வருகிற லுக்கேமியா, லிம்போமா திரும்பியவர்களுக்கு, 15 வயதுக்கு மேல். பையனுடையது பி வகையா என்று முதலில் கேளுங்கள். என் நோய்க்கு அது இல்லை. வெளிநாட்டு விலையில் சிறு பங்குதான், ஆனாலும் பல லட்சம். அதுவும் முதலில் சோதனையாகத்தான் நடந்தது, அதிலும் யாரோ கையெழுத்துப் போட்டார்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடாமல், ரத்தவியல் டாக்டரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

நானும் எர்ணாகுளம் பக்கம்தான் வைத்தியத்துக்குப் போக வேண்டும். தனி ஆள், மொழி தெரியாது. அத்தனை தூரம் நினைத்தாலே பயமாக இருக்கிறது.
– வாசகி, சுருளிப்பட்டி

மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நான் போகிறேன். விடிகாலை ஐந்து மணிக்குக் குமுளி ஸ்டாண்டில், கோட்டயம் வழி பஸ்ஸில் இருப்பேன். மாஸ்க் போட்டிருக்கிறவள், மடியில் நீலத் துணிப்பை, பக்கத்தில் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிடலாம். குட்டிக்கானம் தாண்டி இறங்குகிற வளைவுகள் வரைக்கும் எதுவும் சாப்பிடாதீர்கள், வாந்தி வரும். கீழே முண்டக்கயத்தில் கட்டன் சாயா குடிக்கலாம். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுவாருங்கள், புதுசு மேலே. உங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சை காய்த்திருந்தால் ஒரு கொத்து நன்றாகக் கழுவி எடுத்துவாருங்கள். போன வாரம் ஒன்று வாயில் போட்டேன், புளிப்பு தெரிந்தது. இனிப்பு இன்னும் வரவில்லை. ஜன்னல் சீட்டு மட்டும் எனக்கு.